புகை வேண்டாம் என்று நின்ற அருளப்பன் தாத்தா

அருளப்பன் தாத்தா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் லூர்து அக்கா போன் செய்தார். நேற்று ராத்திரி வழக்கம்போல் இன்ஹேலர் பஃப் எடுத்து, வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்தாராம். விடிந்ததும் கோப்பி கலக்கிவிட்டுக் கூப்பிட்டால்… எழவில்லை.

தொண்ணூற்றைந்து வயது. அதில் பெரும்பகுதி ஆஸ்துமாவோடு. ஆனால் மூச்சுத் திணறிப் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடத் தோன்றியது.

லாபு ஊர்ப் பக்கம் நான் நர்ஸாக இருந்த அரசாங்கக் கிளினிக்கில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பழைய சைக்கிள், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் நீல இன்ஹேலர். மூச்சு முட்டும்போது மட்டும் அதை அடித்துக்கொள்வார்.

தினமும் எடுக்கச் சொல்லிக் கொடுத்த பிரவுன் பஃப்பைத் தொடவே மாட்டார்.

"நல்லா இருக்கறப்ப எதுக்கு மிஸ்ஸி மருந்து? அப்புறம் அதுக்கு அடிமையாயிடுவேன் லா."

"நல்லா இருக்கணும்னுதான் தாத்தா அது. நீலம் அந்த நேரத்துக்கு மட்டும்தான்."

"ஆமா, ஆமா…" என்பார். அடுத்த முறை வரும்போது பிரவுன் அப்படியே புதுசாக இருக்கும்.

ஒரு நாள் கார்டு எழுதும்போது, "எப்ப இருந்து தாத்தா இந்த இழுப்பு?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால். அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் புகை வீட்டில் வேலை. வெளியே விறகு தள்ள வேண்டும், உள்ளே போய் ஷீட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் இழுப்பு வந்து, புகை வீட்டு வாசலிலேயே மண்டி போட்டுவிட்டார்.

வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்துவிட்டு, "நடிக்கிறான்" என்றாராம்.

கூட வேலை செய்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். எஸ்டேட்டில் டாக்டர் கிடையாது. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது எல்லாம் டிரெஸ்ஸர்தான். அவர் ஊசி போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தணிந்தது. "அருளப்பா, அந்தப் பொகை உனக்கு ஆகாது" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், எஸ்டேட் குமாஸ்தா கிராணி மறுபடியும் புகை வீட்டுக்கே பெயர் கூப்பிட்டார். இவர் நகரவில்லை.

"வேல வேணாமா? வேணாம்னா லயத்து வீட்ட காலி பண்ணு."

"வேல வேணாம்னு சொல்லல கிராணி ஐயா. பொகை வேணாம்னு சொல்றேன். புல்லு வெட்டறேன், பால் மரம் வெட்டறேன். உள்ள மட்டும் போகமாட்டேன்."

அன்றைக்கு வேலை கொடுக்கவில்லை. மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும். கல்யாணம் ஆன புதிது. எப்போது விரட்டுவார்களோ என்று மனைவி சட்டி பானையைக் கட்டி வைத்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.

கடைசியில் அந்த டிரெஸ்ஸரே துரையிடம் போனார். "அவன மறுபடியும் உள்ள அனுப்பினா, அடுத்த தடவ என் ஊசிக்கு வேல இருக்காது" என்றாராம். அதற்குப் பிறகுதான் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற மரம் வெட்டு வேலைக்கு மாற்றினார்கள்.

கதையைக் கேட்டுவிட்டு நான் விடவில்லை. "அவ்வளவு பேர் முன்னால நின்ன ஆளு, ஒரு பிரவுன் பஃப்புக்குப் பயப்படறீங்களே தாத்தா?"

எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஜெரெபு… எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். பக்கத்து வீட்டு லோரிக்கார அண்ணன் தாத்தாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளினிக்குக்குள் ஓடி வந்தார். உதடு நீலம். ஒரு சொல் பேச முடியவில்லை. ஆக்சிஜன், நெபுலைசர், அப்புறம் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். வழி முழுக்க என் மணிக்கட்டை விடவே இல்லை.

வார்டில் பார்க்கப் போனபோது அவர்தான் முதலில் பேசினார்.

"மிஸ்ஸி… அந்த பிரவுன், காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் தாத்தா."

"உனக்காக இல்ல. கிறிஸ்மஸுக்குப் பாடணும்."

அதற்குப் பிறகு விட்டதே இல்லை. கிளினிக் நாளில் மூச்சை அளக்க ஊதுகிற மீட்டரை முழு பலத்தோடு ஊதுவார். முள் ஏறவில்லை என்றால் "இன்னொரு தடவ" என்பார். பின்னால் ஆள் காத்திருந்தாலும் சரி.

பக்கத்தில் யாராவது குப்பை எரித்தால் வாளித் தண்ணீரோடு போய் ஊற்றிவிடுவார். ஒருநாள் எரித்தது அதே லோரிக்கார அண்ணன்.

"சொல்லியிருந்தா நானே அணைச்சிருப்பேன்ல தாத்தா!"

"சொல்றதுக்கு மூச்ச செலவு பண்ண முடியாதுடா."

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு என்னையும் கூப்பிட்டார். நான் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் போனேன்… சின்ன எஸ்டேட் மாதா கோயில். பாடுகிறவர்களில் முன்வரிசையில் தாத்தா.

முதல் பாட்டு பாதியிலேயே மூச்சு வாங்கியது. நான் எழுந்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, உட்கார் என்று கையைக் காட்டினார். தானும் உட்கார்ந்தார். நீல பஃப்பை எடுத்து அடித்து, கண்ணை மூடி மெதுவாக மூச்சை விட்டார். அவசரமே இல்லை.

அடுத்த பாட்டுக்கு ஆர்மோனியம் ஆரம்பித்ததும் எழுந்து நின்றார். கடைசி வரி வரை பாடினார்.

நாளைக் காலை அதே மாதா கோயிலில் அடக்கப் பூசை. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

பாடிக்கிட்டே போங்க, தாத்தா…