சரோஜா மேடமும் மஞ்சப்பைக் கோழியும்

சரோஜா மேடம் போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போனில் சொன்னாள். தூக்கத்திலேயே...

எண்பதுகளில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்த எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். டெலிபோன் ஆபரேட்டர்.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. "கால் வந்துச்சா மேடம்?" என்று நாள் முழுக்க அவரை நச்சரிப்போம்.

அவர் வீடு கள்ளிக்குப்பம். நான் அம்பத்தூர். ஒரே மின்சார ரயிலில்தான் போய் வருவோம். வெள்ளச்சியைப் பற்றி ரயிலில்தான் முதலில் கேள்விப்பட்டேன்.

வெள்ளச்சி அவர் வளர்த்த கோழி. திடீரென்று இரண்டு காலும் வராமல் படுத்துவிட்டது. சத்துக் குறைவு என்று ஆவடி மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்களாம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச் சோற்றில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

என் வார விடுமுறையன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கொல்லையில் துணி காயும் கொடியில், சட்டை பாவாடைகளுக்கு நடுவே ஒரு மஞ்சப்பை. அதற்குள் வெள்ளச்சி! பையின் அடியில் இரண்டு ஓட்டை போட்டுக் கால்களை வெளியே விட்டிருந்தார். விரல் மட்டும் தரையைத் தொடும் உயரம். நிற்கப் பழக வேண்டுமாம்.

அவர் கணவர் முனுசாமி ஆவடியில் தொழிற்சாலை ஊழியர். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாரு சார், கோழிக்கு ஊஞ்சல் கட்டி ஆட்டிகினு கீறா. ஞாயித்துக்கெழம என் தங்கச்சி ஊட்டுக்காரரு விருந்துக்கு வர்றாரு. கொழம்பு வெச்சா வேல முடிஞ்சிது."

"அதுக்குள்ள கால் வந்துட்டா?" என்றார் மேடம்.

"வந்தா உட்டுடறேன். வரலன்னா சட்டிதான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நான் வேல முடிஞ்சி வந்தா, எந்திரிச்சி வாசலுக்கு வர்ற ஒரே ஆளு இந்த ஊட்ல இதான் சார்."

முனுசாமி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். திருச்சி நிருபரின் டிரங்க் காலுக்காக எங்கள் நியூஸ் எடிட்டர் தவித்துக்கொண்டிருந்தார். மேடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் டெலிபோன் போர்டில் மணி அடிக்க, எடிட்டரே பாய்ந்து போய் எடுத்தார்.

சற்று நேரத்தில் மேடம் திரும்பி வந்தார்.

"எங்கம்மா போனீங்க? கால் வந்துச்சாம், லைனைக் காணோம்!"

"யாரு சார் சொன்னாங்க?"

"யாரோ ஒரு ஆள். 'கால் வந்துட்ச்சுன்னு சரோஜாகிட்ட சொல்லிடு நைனா'ன்னு வெச்சிட்டான். என்னைப் போய் நைனாங்கிறான்!"

மேடம் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"ரெண்டு காலுமா சார்?"

"எனக்கு எதுக்கும்மா ரெண்டு கால்? திருச்சி ஒண்ணு வந்தாப் போதும்!"

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலியே பின்னால் போய்விட்டது. விஷயம் புரிந்த பிறகு எடிட்டரும் சிரித்தார். திருச்சி கால் வந்த பிறகுதான்...

திங்கட்கிழமை ரயிலில் கேட்டேன், விருந்துக்கு என்ன போட்டீர்கள் என்று.

"கத்திரிக்கா கொழம்பு, அப்பளம். ரெண்டு தபா வாங்கி சாப்ட்டாரு."

இன்று மத்தியானம் கள்ளிக்குப்பம் போயிருந்தேன். முனுசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளச்சியைப் பற்றித்தான் பேசினார்.

"அன்னிக்கு எங்க சார் அதுக்குக் கால் வந்துச்சி? பைலதான் தொங்கிகினு கீது. இவ காலைல வேலைக்குப் போறப்போ அதத் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனா... எனக்கு மனசு கேக்கல. மெடிக்கல் ஷாப் போன்ல ஒரு பேச்சுக்கு சொல்லிட்டேன்."

"மேடம் வந்து கேக்கலையா?"

"வந்தா, பாத்தா. 'நின்னுச்சாமே?'ன்னா. 'நின்னுச்சி, திரும்ப ஒக்காந்துகிச்சி'ன்னேன். அவ்ளோதான். நேரா போயி கத்திரிக்கா அரிய ஒக்காந்துட்டா."

வெள்ளச்சி அப்புறம் மெல்ல மெல்ல நடந்ததாம். அதையும் அவர்தான் சொன்னார், லேசாகச் சிரித்துக்கொண்டே.

போய் வாருங்கள், மேடம்.