எட்டு வயது அளவு

துணியை வாளித் தண்ணீரில் முக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் செங்கல் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, "கிட. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிட," என்று அதட்டுகிறார் பட்டை அக்கா. வாளியில் கிடப்பது லினன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் நனைத்துக் காயவைக்காவிட்டால், தைத்த பிறகு முதல் சலவையிலேயே மீட்டருக்கு இரண்டு விரல் சுருங்கி மானத்தை வாங்கிவிடும். "கடையில பாத்தா புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பா நிப்பான். ஒரு தரம் குளிச்சு எழுந்திரிச்சாத்தான் சுயரூபம் தெரியும்." அக்காவுக்கு எல்லாத் துணியும் ஆண்பால்தான். பருத்தி மட்டும் விதிவிலக்கு. அவள் சொன்ன பேச்சைக் கேட்பாளாம்.

குறுக்குப்பட்டை அக்கா என்பது முழுப் பட்டம். தெரு அதைச் சுருக்கிக்கொண்டது. அவர் தைப்பது ஒரே ஒரு சாமான்: முதுகில் இரண்டு அகலமான பட்டைகள் பெருக்கல் குறி போட்டுக்கொள்கிற, சமைக்கும்போது உடுப்புக்கு மேல் மாட்டுகிற ஏப்ரன். முடிச்சு கிடையாது, நாடா கிடையாது. தலையை நுழைத்துக் கையை விட்டால் வேலை முடிந்தது. இதற்கு முன் பதிமூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தார். "பதிமூணு வருஷமும் நேர்கோடு. வளைஞ்சு தைக்கத் தெரியுமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." பக்கத்துத் தெருவில் கேக் கடை வைத்திருக்கும் அம்மாள், கழுத்தில் மாட்டுகிற ஏப்ரனால் பிடரி வலிக்கிறது என்று ஒருநாள் புலம்பினார். "கழுத்துல கயிறு மாட்டறதுக்கு நீங்க என்ன கன்னுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டு, பாரம் தோளில் உட்காரும்படி ஒன்று தைத்துக் கொடுத்தார் அக்கா. ஆரம்பம் அதுதான்.

ஒற்றையாகக் கேட்டால் தைக்கமாட்டார். பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, ஒரே துணியில், ஒரே மாதிரிப் பாக்கெட்டோடு. வாங்குகிறவர்கள் இதில் பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்துக் கண் கலங்குவார்கள். அக்கா ஒரே வரியில் காற்றைப் பிடுங்கிவிடுவார். "பாசமெல்லாம் உங்க பாடு. பெரிசை வெட்டினா ஓரத்துல ஒரு துண்டு மிஞ்சுது. அதுல சின்னது கச்சிதமா உக்காந்துக்குது. தூக்கியா போட முடியும்?"

வீடு, சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேலே. முன்னறையில் மெஷின், வெட்டுகிற மேசை, கண்ணாடி பதித்த பீரோ. சாக்கட்டி எப்போதும் காதிடுக்கில் இருக்கும். கழுத்தில் தொங்குகிற டேப்பைக் கழற்ற மறந்து வங்கிக்குக்கூடப் போய்விடுவார். போனால் சும்மா நிற்கமாட்டார், வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைக் கண்ணாலேயே அளப்பார். "பதினாறு இன்ச். பை மாட்டி மாட்டி வலது தோள் தூக்கிடுச்சு," என்று வாய்விட்டே சொல்லி, அந்த முதுகுக்கு உரியவரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறார். "முகத்துல சிரிச்சு மழுப்பிடலாம். முதுகு பொய் சொல்லாது" என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தில்தான் போன மாதம் குப்புற விழுந்தார்.

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக், நாளொன்றுக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர். மூன்றாவது, அவருடைய மகள். வயது எட்டு. குழந்தையின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது, அக்கா இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, "சித்தின்னு கூப்பிடு கண்ணு," என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். கண்ணு தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் வந்து நிற்பாள். அக்கா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள். பிறகு, "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்பாள்.

சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க அனுமதி. குடித்ததும் ஒரு தேங்க்ஸ். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிடுவாள். பார்க்கிறவர்கள், "எவ்ளோ தங்கமான பொண்ணு!" என்று மெச்சுவார்கள். அந்தத் தங்கம்தான் அக்காவுக்குத் தீராத கவலை. ஒருநாளாவது கதவை அறைந்து சாத்தமாட்டாளா, இந்தக் குழம்பு பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். "விருந்தாளியா வந்தவங்ககூட மூணாம் நாள் நம்ம அலமாரியைத் திறந்து பாப்பாங்க. இவ ஒன்றரை வருஷமா விருந்தாளியாவே இருக்கா," என்று கேக் கடைக்காரம்மாவிடம் ஒருமுறை புலம்பியிருக்கிறார்.

ஊரில் நூறு வீட்டுக்கு ஜோடி தைத்துக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு ஒன்று தைக்கவில்லை. கை வராமல் இல்லை. தைத்துக் கொடுத்தால் பாப்பா மறுக்கமாட்டாள், வாங்கிக்கொள்வாள், போட்டுக்கொள்வாள், தேங்க்ஸும் சொல்வாள். அந்தத் தேங்க்ஸைக் கேட்கத்தான் அக்காவுக்குத் தெம்பில்லை.

ஆனால் அளவு பார்க்க ஆள் வேண்டுமே. நான்கு வயது, ஆறு வயது அளவுகளைத் தலையணைக்கு மாட்டிப் பார்த்துவிடலாம். எட்டு வயதுக்குத் தலையணை போதாது. வீட்டிலேயே ஓர் எட்டு வயது இருக்கும்போது எதற்கு வெளியே தேட வேண்டும்? துணியை வெட்டி, பட்டைகளைத் தைக்காமல் குண்டூசியால் குத்திவைத்து, "பாப்பா, ரெண்டு நிமிஷம்," என்று குரல் கொடுப்பார். பாப்பா வந்து சின்னதை மாட்டிக்கொள்வாள். அக்கா பெரியதை மாட்டிக்கொள்வார். ஜோடி ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்ப்பதற்காக இருவரும் பீரோக் கண்ணாடி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

"இது யாருக்கு?" என்று பாப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"பார்க்குக்குப் பின்னால பச்சை கேட் வீடு இருக்கில்ல, அந்தப் பொண்ணுக்கும் அவங்க அம்மாவுக்கும்."

"ஓ."

இரண்டு நிமிடம் முடிந்துவிடும். கழற்றி, தைத்து, இஸ்திரி போட்டு, கவருக்குள் தள்ளி அனுப்பியாகிவிடும். அந்த இரண்டு நிமிடத்தை இழுத்துப் பிடிக்க அக்கா படாத பாடில்லை. "இரு, இரு, இங்க ஒரு சுருக்கம் விழுது," என்று குனிந்து தடவுவார். சுருக்கம் எதுவும் இருக்காது.

போன மாதம் ஒருநாள், நிஜமாகவே ஒரு குறை கண்ணில் பட்டது. பாப்பாவின் இடது பட்டை தோளைவிட்டு நழுவி நின்றது. அக்கா மண்டியிட்டு அரை இன்ச் இழுத்துக் குத்தினார். அடுத்த ஜோடியிலும் அதே இடது பட்டை. அதற்கடுத்ததிலும் அதேதான். பட்டை நழுவவில்லை, தோள் இறங்கியிருக்கிறது! வளர்கிற குழந்தைக்கு முதுகு கோணினால் என்ன ஆவது? பள்ளிக்கூடப் பையின் மேல் பழி விழுந்தது. பழைய பை போய்ப் புதுப் பை வந்தது. காலையில் ஒரு முட்டை கூடுதலாக வந்தது. அதுவும் போதாமல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் முன்னாலும் பின்னாலும் நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்மா. கோணல்னு யார் சொன்னது?" என்றார்.

"அவருக்கு என்ன தெரியும்? நான் முதுகுலயே பொழைப்பு நடத்தறவ," என்று வழி முழுக்கப் பொருமிக்கொண்டு வந்தார் அக்கா. எட்டு வயது அளவுக்கெல்லாம் இடது பட்டை அரை இன்ச் குறைந்தே தைபட்டது.

கேக் கடைக்காரம்மா விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதற்காக எட்டு வயது அளவில் ஐந்து ஜோடி வாங்கிப் போயிருந்தார். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. பெரிசெல்லாம் நல்லா இருக்கு. சின்னது மட்டும் ஒரு பக்கமா இழுக்குது. புள்ளைங்க எல்லாம் பஞ்சரான வண்டி மாதிரி சாஞ்சு நிக்குதுங்க."

"புள்ளைங்கள நேரா நிக்கச் சொல்லுங்க."

"அஞ்சு பேரையுமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அடுத்தவரைச் சொல்லிச் சிரிக்கிற அக்கா, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஐந்தையும் திரும்ப வாங்கிவந்தார். மேசைமேல் பரப்பினார். பக்கத்திலேயே நான்கு வயது அளவையும் ஆறு வயது அளவையும் வைத்தார். தலையணைக்கு மாட்டி அளவெடுத்தவை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. பாப்பாவுக்கு மாட்டி அளவெடுத்தவை ஒன்றுவிடாமல் கோணல். தலையணை கோணவில்லை, ஊர்ப் பிள்ளைகள் கோணவில்லை, டாக்டரும் கோணவில்லை.

ஜன்னலுக்குப் போனார். கீழே, சைக்கிள் கடைக்கு முன்னால், பாப்பா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். நாற்பது தாண்டலை எண்ணினார் அக்கா. நாற்பதிலும் இரண்டு தோளும் ஒன்றுபோல் ஏறின, ஒன்றுபோல் இறங்கின.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பட்டை நழுவினால் அக்கா மண்டியிட வேண்டும். ஊசியை உருவி, இழுத்து, மறுபடி குத்தி, எழுந்து, பக்கத்தில் நின்று, கண்ணாடியில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் ஐந்து நிமிடம் ஆகும். எந்தக் கண்ணாடி முன்னால் இவர் இல்லாத சுருக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாரோ, அதே கண்ணாடி முன்னால் அவள் இல்லாத கோணலைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரோ பச்சை கேட் வீட்டுக்காரர்களின் துணியில், ஐந்து நிமிட ஜோடியாக நிற்பதற்காக. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். கழுத்தில் கிடந்த டேப்பாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, டீ குடிக்கும்போது கணவரிடம் சொன்னார்.

"கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா சாரின்னு சொல்லிட்டு, நாளையிலருந்து நேரா நின்னுடுவா. அப்புறம் நான் எங்க போவேன்?"

கணவர் யோசித்து, அன்றைய கணக்கில் இரண்டு வார்த்தையைச் செலவு செய்தார். "அப்ப தைச்சுடு."

முதலில் அந்த ஐந்தையும் பிரித்து நேராக்கிக் கொடுத்தனுப்பினார் அக்கா. பிறகு, எத்தனையோ பேர் கேட்டும் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி பீரோ அடியில் பதுக்கி வைத்திருந்த கடுகு நிற லினனை எடுத்தார். நனைத்தார், காயவைத்தார், வெட்டினார். இத்தனை வருட அனுபவத்தில் முதல்முறையாகக் கத்தரி கோடு தாண்டிப் போனது. இரண்டு ஊசி போதுமென்ற இடத்தில் நான்கு ஊசி குத்தினார்.

"பாப்பா, ரெண்டு நிமிஷம்."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாப்பா வந்து மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் அக்காவுக்கு வலப்பக்கம் நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். இடது தோள் மெல்ல, யாருக்கும் தெரியாமல் இறங்குவதாக நினைத்துக்கொண்டு, இறங்கியது. பட்டை நழுவியது.

அக்கா மண்டியிடவில்லை. கண்ணாடியையே பார்த்தபடி தன் இடது தோளையும் அதே அளவுக்கு இறக்கினார். பெரிய பட்டையும் நழுவியது.

கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. பாப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. வெடுக்கென்று நிமிர்ந்தாள். அக்காவும் நிமிர்ந்தார். இரண்டு பட்டைகளும் ஏறி உட்கார்ந்தன. கீழே யாரோ சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு?" என்றாள் பாப்பா.

"இத கவர்ல போடப் போறதில்ல," என்றார் அக்கா. "உனக்குப் பிடிச்சிருந்தா."

பாப்பா பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். அதன் அடிவரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். அக்கா அந்தத் தேங்க்ஸுக்காக மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார். அது வரவில்லை. தோளும் இறங்கவில்லை. பாப்பா அப்படியே மொத்தமாகப் பக்கவாட்டில் சாய்ந்து, அக்காவின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

அவள் கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி, பெரிய ஏப்ரனின் பட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு குண்டூசிகள் இருந்தன. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, கையை மெதுவாக வளைத்து, ஒவ்வொன்றாக நான்கையும் உருவினார். பட்டை அவிழ்ந்து, தோளிலிருந்து சரிந்து, தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை.