கடைசிப் பெட்டியின் கதவு

பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். போனில் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்செற்றைக் காதில் மாட்டினேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

பாட்டைத் தேடிப் பிடித்தவள் என் மகள். பதினேழு வயது. "நீங்கள் சின்னனிலை பாதி பாத்த பாட்டு இதுதானே? முழுசாப் பாருங்கோ. சத்தத்தைக் கூட்டி வையுங்கோ, அப்பதான் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த உடுப்பு எடுக்க வாழைத்தோட்டப் பக்கம் போனாள். கணவர் மருதனார்மடம் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன் திரையில், வெள்ளி நிறச் சட்டை போட்ட கதாநாயகன் பாடத் தொடங்கினான். ஒரு பெண் ரயிலுக்குள் ஓடுகிறாள். பெட்டிக்குப் பெட்டி கதவைத் திறக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் ஆடுகிறது. என் பதினொரு வயதில், சண்டைக் காலத்தில், எங்கள் பக்கம் ரயிலே ஓடவில்லை. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகியிருந்தன. அந்தக் கடைசிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிய நான் எதையும் கொடுத்திருப்பேன். கொடுத்தும்விட்டேன்.

அப்போது மின்சாரம் இல்லை. ரிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரில் படம் போடுவோம். அந்த இரைச்சலில் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்காது. அதனால் முறை வைத்து ஒருவர் வளவின் கோடியில், வேலியடியில் நின்று வானத்தைக் கேட்க வேண்டும்; கேட்டதும் ஓடிவந்து சொல்ல வேண்டும். அன்று என் முறை. "எடியே, உன்ரை ரயில் போகுது! நீ அங்கையே நில்!" என்று அண்ணை ஜன்னலால் பழித்தார். நான் நிற்கவில்லை. ஓடிவந்து ஜன்னலில் தொங்கினேன். அண்ணை ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடப் பின்பக்கம் போனார்.

அந்தப் பெண் கடைசிக் கதவில் கை வைத்தாள். சுவர் எங்கள்மேல் வந்தது.

அண்ணையின் ஒரு செருப்பு மாமரத்தில் கிடந்தது. மற்றதைக் காலோடுதான் எடுத்தார்கள். நான் எங்கே நின்றேன் என்று எவரும் பார்த்திருக்கவில்லை. தோட்டத்திலிருந்து ஓடிவந்த அப்பா என் தோளைப் பிடித்துக் கேட்டார்: "உனக்குச் சத்தம் கேக்கேல்லையோ, பிள்ளை?" இல்லை என்றேன். அது பொய்யுமல்ல.

அதனால்தான் மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே சொல்லி வந்தேன்: ஓடாதை, பள்ளத்திலை குப்புறப் படு, கையாலை பிடரியை மூடு. அவள் சிரிப்பாள். "இப்ப ஆரம்மா மேலாலை குண்டு போடப்போறாங்கள்? கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிற ட்ரோன்தான் வரும்."

திரையில் கதவு திறந்தது. உள்ளே மட்டையில் வரைந்த எஞ்சின் ஒன்று. அதன்மேல் வெள்ளிச் சட்டைக்காரன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. அவ்வளவுதான்.

ஹெட்செற்றைக் காதிலிருந்து கழுத்துக்கு இறக்கினேன். வீடு உடைந்துகொண்டிருந்தது.

முன்னறையில் முகத்தைத் துணியால் கட்டிய மூன்று பேர். ஒருவன் ரிவியை வாளால் பிளந்தான். இன்னொருவன் ஒரு பெயரைச் சொல்லி, "எங்கையடி அவன்?" என்றான். அந்தப் பெயரில் எங்களிடம் எவருமில்லை. எங்கள் ஒழுங்கையில் நீலக் கேற் வைத்த வீடுகள் இரண்டு.

"தம்பி, வீடு மாறி வந்திட்டியள்" என்றேன். வாளின் தட்டையான பக்கத்தால் வாயில் அடித்தான். நாக்கில் பல் உருண்டது.

"உங்கை பின்னாலை ஒண்டு ஓடுதடா!" என்று மூன்றாமவன் கத்திக்கொண்டு வாழைக்குள் பாய்ந்தான்.

நானும் பாய்ந்தேன். என் தலைமயிரைப் பின்னாலிருந்து பிடித்து நிலத்தில் அழுத்தினார்கள். தோட்டத்துக்குள் வெட்டு விழுந்தது. மறுபடி விழுந்தது. விட்டு விட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஈரமான, கனத்த சத்தம். எதை வெட்டுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையின் குரல் மட்டும் வரவில்லை.

ஒழுங்கையில் அவர்களுக்காக நின்ற மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. தலைமயிரை விட்டுவிட்டு ஓடினார்கள்.

குலை போட்ட வாழைகள் இடுப்பளவில் துண்டாகிச் சரிந்து கிடந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. வாய் முழுக்க இரத்தம். சரிந்த மரங்களை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது வாய்க்காலில், தண்ணீரும் சேறுமாக, குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் பிடரியில். இடது முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"அம்மா," என்றாள், தலையைத் தூக்காமலே. "அவங்கள் போயிட்டாங்களோ?"

பக்கத்து வீட்டு அக்கா வந்து துவாயால் கையைச் சுற்றிக் கட்டினார். ஓட்டோ எடுக்க ஆள் ஓடியது. அதற்குள் பொலிஸ் வந்தது, இரண்டு பேர். அவர்களில் இளையவர் சரிந்த கேற்றையும், கண்ணாடித் தூளையும், வெட்டுண்ட தோட்டத்தையும் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய ஹெட்செற்றைப் பார்த்தார். அதட்டவில்லை, தணிந்த குரலில்தான் கேட்டார்:

"இவ்வளவு உடைச்சிருக்கிறாங்கள். உங்களுக்குச் சத்தம் கேக்கேல்லையோ, அம்மா?"