பெயர் கூப்பிடாத பெரட்டு

ராகலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். மேடையின் பின்புறமிருந்து வந்த தோழர் என் காதோரம் குனிந்தார். "ஐயா, சவரிமுத்து டாக்டர் போயிட்டாருங்க. நோயாளியப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்ச அடைச்சிருச்சாம்."

குடியுரிமை கேட்டு முழங்கிக்கொண்டிருந்த நா அப்படியே நின்றது. எதிரே திரண்டிருந்த முகங்கள் எனக்கு வெண்புகையாகத்தான் தெரிந்தன. என் இரு கண்களிலும் புரை முற்றியிருக்கிறது. அதை அறுத்து நீக்க நாள் குறித்திருந்தவர் அவர்தாம்.

அவரை அறிந்த அன்பர்களே! மஸ்கெலியாவில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் அடுத்தடுத்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். நான் மேடைக்குப் போனேன். அவர் மருத்துவம் கற்று, கொழும்பில் கண் மருத்துவமனை ஒன்றிலேயே தங்கிக் கண் அறுவை பயின்றார். ஒருமுறை அங்கே அவர் அறைக் கதவைத் திறந்தேன். மேசைமேல் ஆட்டுக் கண்கள் வரிசையாக அமர்ந்து என்னைப் பார்த்தன. இறைச்சிக் கடையில் வாங்கி வந்து, மயிரிழை போன்ற பட்டு நூலால் தைத்துப் பழகுவாராம்.

"பயப்படாத மச்சான். ஒன் பேச்சக் கேக்க அதுகளுக்குக் காது கெடையாது" என்றார்.

சிரித்தேன். ஆயினும் அவற்றுக்கு முதுகு காட்டி உட்கார மனம் துணியவில்லை.

அக்காலத்தில்தான் எங்கள் லயத்துக் காளியம்மாவின் பார்வை புரை விழுந்து மறைந்தது. கொழுந்தையும் முற்றலையும் பிரித்தறியாத கைக்குத் தோட்டத்தில் என்ன மதிப்பு? பெயர் வெட்டினார்கள். வேலையை விட்டு நீக்குவதற்கு எங்கள் மலையில் வழங்கும் சொல் அது. வாழ்நாளெல்லாம் கூடை சுமந்த பெண்ணை வெட்டி எறிய அங்கே ஒரு கோடு போதுமானதாக இருந்தது!

சில நாள் கழித்து, வாசலில் அமர்ந்திருந்த காளியம்மா மூடுபனியை நோக்கிக் கை நீட்டினார். "பெரட்டுல நிக்கிறாங்க பாருங்க. எல்லாரும் வெள்ளத் துணி. முதுகுல கூடை. பேரு கூப்புடத்தான் ஆளக் காணோம்."

பெரட்டு என்பது விடியலில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் களம். அப்போது அங்கே ஒருவரும் இல்லை.

பூசாரி வந்து உடுக்கடித்தார். "அவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க, விடுங்கப்பா" என்று காளியம்மாவே அவரை அடக்கினார். பின்னர் மக்களின் அச்சம் ஆசையாக மாறியது. "எங்கப்பாரு நிக்கிறாராக்கா? ஒரு காது அறுந்திருக்கும்" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிவிட்டு, "இல்ல தங்கச்சி" என்பார். நின்றவை எல்லாம் அறியாத முகங்கள், ஒன்றைத் தவிர. அது காய்ச்சலில் இறந்த அவருடைய மகள் பொன்னியின் முகம்.

விடுமுறையில் வந்த சவரிமுத்து, காளியம்மாவின் கண்களை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார்.

"பேசுறாங்களாக்கா?"

"இல்ல தம்பி. சும்மாதான் நிக்கிறாங்க."

"பேயில்லக்கா. கண்ணுக்குப் பசி. பாக்க ஒண்ணும் கெடைக்காட்டி, அதுவா ஆக்கித் தின்னுக்கும். அறுத்துட்டா வெளிச்சம் வந்துரும்."

"வெளிச்சம் வந்தா பொன்னி?"

ஆறுதலாக ஏதோ சொல்ல நான் வாயெடுத்தேன். சவரிமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போயிருவாக்கா" என்றார்.

விடுமுறை முடிந்து சவரிமுத்து புறப்படும் காலையில் காளியம்மா அவர் வாசலுக்கு வந்தார். "அவ வளரவே மாட்டேங்கிறா தம்பி. அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்கிறா. சின்னவனுக்கு மீச மொளச்சிருச்சாம், இன்னும் நான் பாக்கல. என்னையக் கூட்டிட்டுப் போ."

துணைக்கு நானும் புகைவண்டி ஏறினேன். பெரிய மருத்துவர் அருகே நிற்க, சவரிமுத்து தம் கையாலேயே ஒரு கண்ணை அறுத்தார். அவரிடம் முழுதாக ஒப்படைக்கப்பட்ட முதல் அறுவை அது. பின்னர் இரு கண்களையும் கட்டி, தலை அசையாதிருக்க இருபுறமும் மணற்பைகளை வைத்தார்கள். அந்நாள்களில் பொன்னி கட்டிலின் கால்மாட்டுக்கே வந்து நின்றாளாம்.

கட்டவிழ்க்கும் காலை. சவரிமுத்துவின் விரல் முடிச்சைத் தொட்டது.

"கொஞ்சம் இரு தம்பி" என்றார் காளியம்மா.

பெரிய மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருமினார். பயிலும் ஒருவரின் எதிர்காலமே அந்த இருமலுக்குள் இருந்தது. சவரிமுத்து விரலை எடுத்தார். "நீங்க சொல்லுங்கக்கா. அப்புறம் அவுக்குறேன்."

காளியம்மா கால்மாட்டை நோக்கி, பெரட்டில் கணக்கப்பிள்ளை கூப்பிடுவதுபோல் உரத்த குரலில், "பொன்னி!" என்றார்.

"பேரு கூப்புட்டாச்சு. போ ஆத்தா."

முடிச்சு அவிழ்ந்தது. அவ்வுருவங்கள் அதன்பின் அவருக்குத் தோன்றவேயில்லை. ஊர் திரும்பி, தடித்த கண்ணாடி வழியே மகனைப் பார்த்தவர், "எவன்டா இவன், திருட்டு மீசையோட!" என்று சொல்லி அழுதார்.

பல ஆண்டுகள் கழித்துச் சவரிமுத்துவிடம் கேட்டேன், அந்தப் பெயர் ஒலித்தபோது என்ன கண்டார் என்று.

"கால்மாட்டுப் படுதா அசைஞ்சுச்சு மச்சான். அவ்வளவுதான்."

"சன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சே?"

"அதான், கேக்காத."

அவர் மறைந்த நாள்முதல் என் அறை மூலையில் வெள்ளை மேலங்கியோடு ஒருவர் நிற்கிறார். முகம் அவருடையது. பேசுவதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதும் என் மனைவி, "அங்க யாரப் பாக்குறீங்க?" என்று இப்போதும் கேட்டார். கண்ணின் பசி என்று எனக்குத் தெரியும். வேறொரு மருத்துவர் அறுவைக்கு அழைத்திருக்கிறார். நான் இன்னும் போகவில்லை.

ஆறுதலுக்கும் பொய் சொல்லாத அந்த வாய், முடிச்சின்மேல் காத்திருந்த அந்த விரல்: இவையே அவர் எனக்கு விட்டுச்சென்றவை. போய்த்தான் ஆகவேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன. ஆனால் மேடைதோறும் முழங்கிய இந்தத் தொண்டைக்கு, ஒரே ஒரு பெயரை உரக்கக் கூப்பிட இன்னும் துணிவு வரவில்லை.