கட்டுமரத்தில் தண்ணீர் இறைத்தவன்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், எடுத்த கையோடு மூடி வைப்பதுமாகப் பல வருஷத்தைக் கழித்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன், எழுத்து பழக்கமில்லை என்பது ஒரு சாட்டு. உண்மையான காரணம் வெட்கம்.

இப்போது எங்கள் கோயில் கும்பாபிஷேக மலருக்கு, நான் கடலில் தீர்த்தம் வார்த்து அலையை அடக்கிய அற்புதத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரான உடுவிலில் மட்டுமல்ல, மருதனார்மடம் சந்தையிலும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள். கதையில் வருகிற ஆள் நான்தான். ஆனால் அலை அடங்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. கலியாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, நேர்த்தி வைத்துப் பெற்ற மகளுக்கு அப்போது நாலு வயது. மார்கழித் திருவாதிரைக்கு அவளைத் தில்லைக்குக் கொண்டுபோய் நடராசப் பெருமானுக்குக் காட்டுவதுதான் நேர்த்தி. நானும் மனைவியும் பிள்ளையோடு பருத்தித்துறையில் பாய்த்தோணி ஏறி, வேதாரணியத்தில் இறங்கித் தில்லைக்குப் போய்க் கண்குளிரத் தரிசித்தோம். எங்கள் ஊரிலிருந்து அங்கே போகிறவர் சிவகங்கைத் தீர்த்தம் எடுத்துவர வேண்டும். தைப்பூசத்தன்று ஊர்ப் பிள்ளையாருக்கு அதைத்தான் முதலில் அபிஷேகம் செய்வார்கள். நானும் ஒரு பித்தளைச் செம்பில் எடுத்து, வாயை வாழைச்சருகாலும் துணியாலும் இறுகக் கட்டி, மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

திரும்பும் வழியில், வேதாரணியத்தில், பிள்ளைக்குத் தின்றதெல்லாம் வெளியே வரும் சத்தியும் வயிற்றோட்டமும் கண்டது. அங்கே வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரி குளிசை தந்தார். நின்றதுபோல் இருந்தது. அதை நம்பி மறுநாள் விடியத் தோணி ஏறினோம். நடுக்கடலுக்கு வந்தபோது வாடைக்காற்று மூர்க்கமாகிவிட்டது.

அந்தத் தோணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கட்டுமரத்தைப் புகழும்போது, தோணியைக் குறைத்துச் சொன்னதாக யாரும் எண்ணக்கூடாது. அதற்கு ஒரே வயிறு, ஆனால் ஆழமான வயிறு. அடியில் கூரையோடுகளும் நெல்மூட்டைகளும் பாரமாகக் கிடந்தன. ஒவ்வொரு அலைக்கும் முக்கி முக்கி ஏறும். உச்சியில் கொஞ்சம் நிற்கும். பிறகு குப்புற விழும். விழும்போது பல்லெல்லாம் கிடுகிடுக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் இனி எழும்பாது என்று நினைத்து நான் ஐந்தெழுத்தைச் சொல்லுவேன். அடிவயிற்றுப் பாரம் அதை மெல்ல நிமிர்த்திவிடும். படுத்த எருது தன்பாட்டில் எழும்புகிற மாதிரி. தோணியை நடத்துகிற தண்டையல் பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டிவிட்டு, சுக்கானை இடுப்பால் தாங்கிக்கொண்டு நின்றார். பலகை இடுக்கால் வந்த தண்ணீரை ஆண்களெல்லாம் பனையோலைப் பட்டையால் அள்ளி இறைத்தோம்.

“தம்பி தோட்டக்காரன் போலை. கை சொல்லுது” என்றார் தண்டையல்.

“இறைக்கிறதை விட்டால் என்ன செய்யும், அண்ணை?”

“விட்டால் தோணி குடிச்சிடும். குடிச்ச தோணி எழும்பாது. கதையாமல் இறையும்.”

அந்தச் சொல் என் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. மத்தியானம் வரை நிறுத்தாமல் இறைத்தேன்.

மத்தியானம் திரும்பியபோது பருத்தித்துறை வெளிச்சவீடு தெரிந்தது. அதற்குள் பிள்ளைக்கு மறுபடியும் சத்தி தொடங்கியிருந்தது. வாயில் வைத்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. கண்கள் உள்ளே போய்விட்டன. அழுவதற்குக்கூட அவளிடம் பெலன் இல்லை.

பருத்தித்துறைக் கரையோரம் முழுக்கத் தண்ணீருக்குள் பாறைத் திட்டாக நீளும் முருகைக்கல் பார். தோணிகள் அதற்கு வெளியே நங்கூரம் போட்டு ஆட்களை இறக்குவதுதான் வழக்கம். அன்று காற்று கரையைப் பார்த்து அடித்தது.

“இஞ்சை நங்கூரம் நிக்காது” என்றார் தண்டையல். “கிட்டப் போனால் கல்லிலை ஏத்திப்போடும். ஊர்காவற்துறைக்கு ஓடவேணும். நாளைக்குக் காலமை பிடிப்பம்.”

“நாளைக்கு இந்தப் பிள்ளை இராது, அண்ணை” என்றாள் என் மனைவி.

தண்டையல் சுக்கானைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். என் வெள்ளைச் சால்வையை வாங்கிப் பாய்மரத்தில் உயர ஏற்றினார். கரையில் நின்றவர்களுக்கு அது விளங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டுமரம் நுரைக்குள் இறங்குவதைக் கண்டேன். பிறகு மரம் தெரியவில்லை. மூன்று ஆட்கள் தண்ணீருக்கு மேலே முழங்காலில் நின்றுகொண்டு வருவதுபோல்தான் தெரிந்தது. அலைக்குள் மூன்று தலையும் காணாமல் போகும். நான் கண்ணை மூடுவேன். திறந்தால் முன்னைவிடக் கிட்ட வந்திருப்பார்கள்.

தோணியின் காற்று மறைவுக்கு வந்து ஒட்டினார்கள். பின்னால் துடுப்போடு இருந்தவருக்கு என் வயதிருக்கும். கழுத்தில் ஒரு சிறு சிலுவை. “பிள்ளையைத் தாங்கோ, அண்ணை!” என்று கையை நீட்டினார்.

நான் தயங்கினேன். எழுத வெட்கப்பட்ட இரண்டில் இது முதலாவது. மரத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. நான் விரதக்காரன், மடியில் தீர்த்தம். அவர் வேதக்காரர். அதற்கும் மேலே, நாலு கட்டையைக் கயிற்றால் வரிந்துகட்டிய ஒன்றை நம்பி, இவ்வளவு பெரிய தோணியை விட்டு எப்படி இறங்குவது? “கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகேலாதோ?” என்று தண்டையலைத்தான் கேட்டேன்.

கீழே இருந்தவர் கத்தினார். “உங்கடை தோணி எங்களை நெரிக்கப் போகுது! யோசிச்சு முடிச்சாப்போலை கூப்பிடுங்கோ, நாங்கள் வீட்டை போய்ச் சோறு திண்டிட்டு வாறம்!”

“இஞ்சேருங்கோ, தள்ளுங்கோ” என்று என்னை விலக்கிக்கொண்டு வந்து பிள்ளையை அவர் கையில் இறக்கியவள் என் மனைவி. அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்துப் பிள்ளையைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டார். “பயப்பிடாதை தங்கச்சி. கவிண்டாலும் நான் மரத்தை விடன்” என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகுதான் நான்.

தோணி எங்களை விட்டு மேற்கே திரும்பியது. அது மறுநாள் ஊர்காவற்துறையில் ஒரு குறையுமில்லாமல் சேர்ந்ததாகப் பிறகு அறிந்தேன். அந்தக் காற்றில், விடியும் வரை, அவ்வளவு சனத்தையும் சுமந்துகொண்டு ஓட அதுவொன்றுக்குத்தான் முடியும்.

கட்டுமரத்தில் நாங்கள் உட்கார்ந்ததும் முதல் அலை மேலே விழுந்தது. இடுப்பளவு தண்ணீர். கீழே பார்த்தேன், மரமே இல்லை, எல்லாம் கடல். குடிச்ச தோணி எழும்பாது என்ற சொல்தான் காதில் கேட்டது. மடியிலிருந்த செம்பை இழுத்தெடுத்து, அதன் வாய்க்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, அள்ளி அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினேன்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“தண்ணி ஏறிப்போச்சு!”

“எங்கை ஏறினது? இதுக்குத்தான் வயிறு இல்லையே!”

முன்னால் துடுப்புப் போட்டவர் திரும்பியும் பாராமல் சொன்னார். “விடு மச்சான், தோட்டக்காரர் இறைக்கட்டும். கடல் வத்தினால் நடந்து போவம்.”

என் மனைவி அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வரம்பு இல்லாத பாத்தியில் தண்ணீர் நிற்குமோ? மேலே விழுந்த அலை கட்டை இடுக்கால் தன்பாட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தோணி அலையோடு மல்லுக்கட்டியது. இது மல்லுக்கட்டவில்லை. அலை எப்படிச் சரிந்ததோ அப்படியே தானும் சரிந்தது. கட்டைகள் ஒன்றோடொன்று உரசி அசைந்தன, கயிறு முனகியது, ஒன்றும் அறவில்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக எங்களைப் பக்கமாகத் தள்ளியது உண்மை. அவர்கள் துடுப்பால் அதை ஈடுசெய்துகொண்டே இருந்தார்கள்.

பாரில் வெட்டிய ஒடுக்கமான வழியை அங்கே வான் என்பார்கள். அதன் வாசலில் அலை சுவர் மாதிரி எழும்பி உடைந்தது. பின்னால் இருந்தவர் துடுப்பை எதிராகப் போட்டு மரத்தை நிறுத்தினார். ஓர் அலையை விட்டார். இன்னொன்றை விட்டார். என் மகளின் தலை அவர் தோளில் கிடந்தது. அவர் “மாதாவே” என்றார், நான் “சிவசிவா” என்றேன். மூன்றாவது அலை எங்களைத் தூக்கியபோது “வலியுங்கோடா!” என்று கத்தினார். இரண்டு பக்கமும் கறுத்த கல் ஓடிப் பின்னே போனது. அடுத்த மூச்சில் பாருக்கு உள்ளே, முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். வெளியே கடல் முன்போலவே குமுறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த அப்போதிக்கரி பிள்ளைக்கு உப்புத்தண்ணீர் ஏற்றினார். “பொழுதுபட வந்திருந்தால் என்ரை கையிலை இல்லை” என்றார். பொழுதுபடும்போது அவள் தண்ணீர் கேட்டாள், குடித்தாள், அது உள்ளே நின்றது. அதன் பிறகுதான் என் கையிலிருந்த வெறுஞ்செம்பைப் பார்த்தேன்.

சுருட்டு வியாபாரத்துக்கு வந்திருந்த எங்கள் ஊரவர் ஒருவர் கரையில் நின்றிருக்கிறார். கட்டுமரத்தில் ஓர் ஆள் செம்பால் கடலுக்கு வார்த்ததையும், பிறகு மரம் அமைதியான தண்ணீரில் நின்றதையும் தூரத்திலிருந்து கண்டிருக்கிறார். நாங்கள் ஊருக்குப் போகுமுன் கதை போய்விட்டது. தைப்பூசத்தன்று ஐயர் எனக்கு முதல் விபூதி தந்து பரிவட்டம் கட்டினார். தீர்த்தம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. இது இரண்டாவது வெட்கம்.

அடுத்த மாதம் ஒரு வாழைக்குலையோடு, பிள்ளையை முதுகில் கட்டிவந்த அந்த மனிதரைத் தேடிப் போனேன். “இறைக்க வந்தியளோ, அண்ணை?” என்று சிரித்தார். பிள்ளையைப் பற்றி விசாரித்தார். பிறகு சொன்னார், “நீங்கள் தீர்த்தம் வார்க்கக் கடல் அடங்கினதாமே, சனம் கதைக்குது. எங்களுக்குத் தெரியேல்லை. நாங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பெருமான் அருள் இல்லை என்று நான் எழுதவில்லை. அந்த அருள் துடுப்போடு வந்ததை நான் ஊருக்கு மறைத்தேன் என்றுதான் எழுதுகிறேன். மகள் இப்போது மூன்று பிள்ளைகளின் தாய். மலர்க்காரர் இதைப் போடுவதானால் இப்படியே போடட்டும். வாசிக்கிறவர்கள் வீட்டில் சொல்வதானால் ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அலையை அடக்கிவிடாதீர்கள். மூன்று பேர் மூன்றாவது அலைக்குக் காத்திருந்ததைச் சொல்லுங்கள். நான் கட்டுமரத்தில் தண்ணீர் இறைத்ததையும் விட்டுவிடாதீர்கள்.