மூண்டாம் தரத்துக்கு முன்னம்

முல்லைத்தீவுக் கரையில் மீனை ஏலம் கூறி விக்கிறது யூலிற்றா. அவா "ஒருதரம்" எண்டு தொடங்கினா வள்ளத்தில வாறவனுக்கும் கேக்கும். அப்பிடியொரு தொண்டை! அந்தத் தொண்டையிலதானே கட்டி வரவேணும்.

ஒப்பரேசன் முடிஞ்சு டொக்டரம்மா கட்டிலடிக்கு வந்தா.

"தைரொயிட் சுரப்பி அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துக்கிடக்கு. கனகாலமா ஏதும் குளிசை போட்டனீங்களோ?"

"முகப்பருவுக்கு, டொக்டர். கலியாணத்துக்கு முன்னம் எழுதித் தந்தது," எண்டு யூலிற்றா குசுகுசுத்தா.

மூத்தவனுக்கு இப்ப மீசை முளைச்சிட்டுது. சில கிழமைக்கு எழுதின குளிசை. குளிசை முடிஞ்ச வெறும் மட்டையைக் காட்டிக் காட்டிக் கடையில வாங்கினவா. நாலுபேர் முன்னால நிண்டு கத்திற முகம் வடிவா இருக்க வேண்டாமோ?

"அட கடவுளே! அது அன்ரிபயோட்டிக் அம்மா. கறுப்பு அதால வந்தது, அதுக்குப் பயப்பிடாதேங்கோ. கறுப்புக்குள்ள வெளிறிக் கிடந்த கட்டிதான் புற்று. குளிசையாலதான் வந்ததெண்டு சொல்லேலாது. சின்னது, முழுக்க எடுத்தாச்சு. இனி அந்தக் குளிசையைத் தொடாதேங்கோ."

"குரல்?"

"நரம்புக்குக் கிட்ட வெட்டினது. ஆறினபிறகு கதைச்சுப் பாருங்கோ."

காயம் ஆறியும் அவா கதைச்சுப் பாக்கேல்லை. வாயைத் திறந்து சத்தம் வராட்டி? புற்றுக்குப் பயப்பிடாத மனுசி அதுக்குப் பயந்து செத்தா. வீட்டில எல்லாம் குசுகுசுப்புத்தான்.

கூறிற வேலை புருசன் ஸ்ரீபனுக்கு வந்தது. வலை போடுறதில மனுசன் கெட்டிக்காரன். கூறச் சொன்னா வாய்க்குள்ள கொழுக்கட்டை.

அண்டைக்கு யூலிற்றாவும் கரைக்கு வந்து ஒரு பக்கமா நிண்டா. நல்ல கொழுத்த பாரை. வியாபாரி விதுசன் அடிமாட்டு விலை கேட்டான். மற்ற வியாபாரியள் ஆரும் கூட்டிக் கேக்கேல்லை. ஸ்ரீபனும் தலையாட்டினார்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

மூண்டுதரம் எண்டு வாயில வந்தா மீன் போனது போனதுதான். அந்தோனியாரே இறங்கி வந்தாலும் திருப்பேலாது. யூலிற்றாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பொறுங்கோ! ஆற்ற மீனை ஆர் சும்மா குடுக்கிறது?"

கரை திரும்பிப் பாத்தது. குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனா குரல்தான். யூலிற்றா தொண்டையைத் தடவிக்கொண்டு அப்பிடியே நிண்டா. கண்ணால பொலுபொலுவெண்டு கொட்டினது.

"அக்கா, ரெண்டுதரத்தில நிக்குது," எண்டான் விதுசன், இளிச்சுக்கொண்டு.

"நிக்கட்டும்!" கண்ணைத் துடைச்சுப்போட்டு அவா பாரையைத் தூக்கிப் பிடிச்சா. "எல்லாரும் கிட்ட வாங்கோ. முதலில இருந்து கூறுறன்."