தொட்டில் கம்பில் கடைந்த பேனா

பேனாவைக் கையில் வாங்கியதும் தங்கச்சி கேட்டாள். "இது என்ன மரம்ணே? வழவழன்னு இருக்கு."

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது? "பழைய மரம்மா, நல்லா முத்துனது," என்று பெரிய நிபுணன் மாதிரி அடித்துவிட்டேன். அவளும் நம்பி, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மாசமாக இருந்தாள். கிளினிக்கில் கையெழுத்துப் போடுவதெல்லாம் அந்தப் பேனாவில்தான்.

கழிவு மரத்தில் பேனா கடைவது எனக்குப் பிடித்த பைத்தியம். குண்டு விழுந்தால் பதுங்க என்று எல்லார் வீட்டிலும் கட்டியிருக்கும் பாம் ஷெல்டர் அறையில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் இருக்கும். என் வீட்டில் ஒரு சின்னக் கடைசல் மெஷின் இருக்கிறது. தனி ஆள், கேட்க யாரும் இல்லை. கிராஞ்சியில் ஒரு செடி நர்சரிக்காரர் தூக்கிப் போட்ட பலகையைக் கடைந்து பார்த்தேன், சில்லுச் சில்லாகத் தெறித்தது. தேக்கா சந்தை மீன்கடையில் கழித்துவிட்ட வெட்டுப்பலகையில் ஒன்று செய்தேன். பார்க்க அழகு, ஆனால் சட்டைப்பையில் வைத்தால் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து சீட் காலியாகிவிடும். இருந்தாலும் விரல் நீளத் துண்டைக்கூடப் போட மனசு வராது. "உன் வீடு குப்பைத்தொட்டி லா," என்பாள் தங்கச்சி.

அம்மா போன பிறகு அவர் வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான்களுக்கு நடுவே ஒரு கம்பு கிடந்தது. முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூட, இரண்டு முனையிலும் வெட்டுக் குழி, எண்ணெய் குடித்துக் கறுத்த மரம். அலமாரியில் துணி மாட்டிய கம்பு என்று நினைத்தேன். பேனா கடைபவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்? இந்தக் கனம், இந்த நீளம், இரண்டு மூன்று பேனாவுக்குத் தாராளம் என்றுதான் பட்டது. முனைகள் இரண்டும் சொட்டை சொட்டையாக, எலி கடித்த மாதிரி இருந்தன. அவற்றை அறுத்து எறிந்துவிட்டு நடுப்பாகத்தில் துளை போட்டேன். முதல் துண்டு துளையிடும்போதே பிளந்தது. இரண்டாவது மெஷினில் உடைந்தது. மூன்றாவதுதான் தங்கச்சியின் கைப்பைக்குப் போனது.

ஏழாம் மாதத்தில் அவள் போன் செய்தாள்.

"அண்ணே, அம்மாவோட தொட்டில் கம்பு உங்கிட்டதானே இருக்கு? சேலைய விரிச்சுப் பிடிக்க நடுவுல கொடுப்பாங்களே, கறுப்பா. நீ, நான், பெரியம்மா பிள்ளைங்க எல்லாரும் அதுலதான் தூங்குனோம். எடுத்து வை."

"தேடிப் பாக்கறேம்மா," என்றேன்.

சும்மா கேட்கவில்லை அவள். போன தடவை எல்லாவற்றையும் முன்கூட்டியே புதுசாக வாங்கினாள். தொட்டில், மெத்தை, சட்டை, ஒன்று விடவில்லை. அந்தக் குழந்தை தங்கவில்லை. பிறக்கும் முன் புதுசு வாங்கலாமா என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். பாவிகள். இந்தத் தடவை அவள் ஒரு குழந்தைத் துணிகூட வாங்கவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கம்பைத்தான்.

இவ்வளவும் தெரிந்தே நான் என்ன செய்தேன்? தேக்காவில் தொட்டில் சாமான் விற்கும் கடையில் புதுக் கம்பு ஒன்று வாங்கினேன். கெட்டிச் சாயத் தேநீரில் ஊறவைத்தேன். தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், முனைகளை உப்புத்தாளால் மழுக்கினேன். மரத்தைப் பழசாக்குவது எனக்கா தெரியாது! வேலை நடக்க நடக்க ஒரு பெருமைகூட வந்தது. அதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பொங்கோலில் அவள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். முகம் மலர்ந்தது. கம்பைத் திருப்பி ஒரு முனையைத் தடவினாள். பிறகு மறுமுனையை. மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"பல்லுத் தடம் எங்கண்ணே?"

"என்ன பல்லு?"

"தொட்டில்ல எழுந்து நின்னு கம்பக் கடிப்போமாம். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். அம்மா காட்டுவாங்களே, மறந்துட்டியா?"

எலி இல்லை, நாங்கள்தான். அடுக்கடுக்காகத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவன் வேண்டாம் என்று எறிந்தது அந்த இரண்டு முனைகளை மட்டும்தான்.

சொல்லிவிட்டேன். துணிக்கம்பு என்று நினைத்தது, முனைகளை எலி கடித்தது என்று அறுத்து எறிந்தது, தேநீரில் ஊறவைத்தது எல்லாம். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்தாள். கம்பை என் பக்கம் தள்ளினாள்.

"புதுசு வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்? எடுத்துட்டுப் போயிடுண்ணே."

எடுத்துக்கொண்டு வந்தேன். நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் அந்த இரண்டு மாதமும் போனில் அவள் பேர் தெரிந்தாலே எடுக்கத் தயங்கினேன். ஏதாவது ஆகிவிட்டால் அவள் கம்பை நினைப்பாள், என்னை நினைப்பாள். நானும் என்னைத்தான் நினைப்பேன். மெஷின் பக்கமே போகவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பையன். "இப்ப கொண்டு வாண்ணே," என்றாள். போய் அந்தப் புதுக் கம்பைச் சேலையில் கொடுத்து நானே தொட்டில் கட்டினேன். அந்தப் பேனாவில் அவள் எழுதி அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

போன வாரம் போயிருந்தேன். இரண்டு பல் முளைத்திருந்த பையன் தொட்டிலுக்குள் எழுந்து நின்று, எச்சில் வழியக் கம்பைக் கடித்துக்கொண்டிருந்தான். என் தேநீர்ச் சாயம் அவன் ஈறில் ஒட்டியிருந்தது. தங்கச்சி அவனைத் தூக்கிக்கொண்டு முனையைக் காட்டினாள். அரிசி அளவில் இரண்டு பள்ளம்.

"நல்லாப் பாத்துக்கோ," என்றாள். "எலி இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.